பால் கேனில் புதைத்த காகிதங்கள்

கேள்வி: ஹிட்லர் காலத்து யூதப் படுகொலையைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் இன்னமும் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். 80 வருடம் ஆகிவிட்டது. பேராசிரியர்களின் பிழைப்பு என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘பிழைப்பு’ என்ற சொல்லை நீங்கள் யோசித்து எழுதவில்லை என்றே நினைக்கிறேன். இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் போர் முடிந்து வந்த பேராசிரியர்கள் அல்ல. கொல்லப்படவிருந்தவர்களே தொடங்கியது இது.

1940 நவம்பரில் போலந்தின் தலைநகர் வார்சாவில் நாஜிகள் சுவர் எழுப்பி, லட்சக்கணக்கான யூதர்களை உள்ளே அடைத்தார்கள். அதே மாதம் இம்மானுவேல் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ஐம்பது அறுபது பேரைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஓர் ஆவணக் காப்பகம் ஆரம்பித்தார். என்னவெல்லாம் சேர்த்தார்கள் தெரியுமா? டிராம் டிக்கெட், ரேஷன் அட்டை, மிட்டாய் சுற்றிய தாள், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. யாரைக் கூப்பிட எத்தனை முறை மணி அடிக்க வேண்டும் என்ற குறிப்பைக்கூட அவர்கள் விடவில்லை. கொல்கிறவன் எழுதுவது மட்டுமே நாளைக்குச் சரித்திரமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் பிடிவாதம்.

1942 கோடையில் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் புறப்பட்டன. நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் சேர்த்த காகிதங்களைப் பத்துத் தகரப் பெட்டிகளில் வைத்துப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் டேவிட் கிராபருக்கு வயது 19. உலகத்திடம் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். கூட இருந்த ஆசிரியர் லிக்டன்ஸ்டைன், தனக்கு நன்றியோ நினைவுச் சின்னமோ வேண்டாம் என்று எழுதினார். ஓவியரான தன் மனைவி கேலாவை, 20 மாதக் குழந்தை மார்கலித்தை யாராவது நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவர் கேட்டது. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தைத் தாண்ட எனக்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

அந்தக் குழுவில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள். ரிங்கல்பிளம் 1944 மார்ச்சில் மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். பிழைத்தவர்களில் ஒருவரான ராஹேல் அவர்பாக், தோண்டிப் பாருங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். 1946 செப்டம்பரில், செங்கல் குவியலாகிப்போன அந்தத் தெருவில் பெட்டிகள் கிடைத்தன. தண்ணீர் புகுந்து தாள்கள் ஊறியிருந்தன. அப்புறம் 1950 டிசம்பரில் இரண்டு பால் கேன்கள். மொத்தம் சுமார் 35,000 பக்கம், நிறைய இட்டிஷ் மொழியில். வீட்டில் இட்டிஷ் பேசிய போலந்து யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். அந்தக் கையெழுத்தை இன்று படிக்க யாராவது உட்கார்ந்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டாக வேண்டும். நீங்கள் பிழைப்பு என்பது இந்த வேலையைத்தான்.

வேலை இன்னும் முடியவும் இல்லை. மூன்றாவதாகப் புதைத்த பகுதி கிடைக்கவே இல்லை. கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் பெயர்களைத்தான் ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நிறுவனத்தால் இதுவரை சேகரிக்க முடிந்திருக்கிறது. மீதிப் பேரை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.