டைட்டானியம் பல் இம்ப்ளான்டின் மேல்பூச்சு பின்னால் உரிந்துவிடாதா?

உங்களிடம் யாரோ இரண்டு ரகத்தைக் காட்டி, விலை கூடியதற்கு ‘ஸ்பெஷல் கோட்டிங்’ என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று பரவலாக இருப்பது பூச்சே இல்லை. எலும்பு நன்றாகப் பற்றிக்கொள்ள, அலுமினாத் (அலுமினிய ஆக்சைடு) துகளை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சூடான ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையில் முக்கி எடுப்பார்கள். உலோகம் அரிக்கப்படுகிறது, அவ்வளவுதான். மேலே எதையும் ஒட்டாதபோது உரிவதற்கு என்ன இருக்கிறது? உரிந்த கதைகள் பெரும்பாலும் பிளாஸ்மா என்னும் மிகச் சூடான வாயுவால் தெளித்த, எலும்பிலுள்ள கனிமம் போன்ற ஹைட்ராக்ஸிஅபடைட்டின் பழைய பூச்சுகளைப் பற்றியவை.

ஓர் ஆய்வகத்தில் அந்த அமிலத் தொட்டி பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவன் நான். ஒரு பல் மருத்துவர் வந்து, "இதெல்லாம் விளம்பரம்தானே?" என்றார். அன்று காலை எடுத்த தகடு ஒன்று, அதே முறையில் செய்து பல வாரமாக டப்பாவில் கிடந்தது ஒன்று, இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். புதியதில் சட்டென்று பரவி மறைந்தது. பழையதில் முத்தாக உருண்டு நின்றது. காற்றிலிருக்கும் கார்பன் சேர்மங்கள் படிந்ததுதான் காரணம். தண்ணீரே ஒட்டாத இடத்தில் ரத்தம் எப்படிச் சட்டென்று பரவும்? அதனால்தான் சில ரகங்களைக் காற்றுப் படாமல் உப்புக் கரைசலிலேயே அடைத்து விற்கிறார்கள். புற ஊதா ஒளி காட்டியும் அந்தப் படிவை நீக்கலாம்.

"சொரசொரப்பில் கிருமி தங்காதா?" என்று ஒருவர் கிளம்பி வருவார். ஈறு இறங்கி வெளியே தெரிந்தால் தங்கும்தான். அதனால்தான் சராசரிச் சொரசொரப்பு 1 முதல் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற அளவோடு நிறுத்துகிறார்கள். இம்ப்ளான்டுக்கு வழிகாட்டிய ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தது வெறுமனே கடைந்தெடுத்த டைட்டானியம்தான், அதுவும் பல்லாண்டு நின்றது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் எலும்பு பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இந்தச் சொரசொரப்பான ரகத்தில் நல்ல எலும்பாக இருந்தால் 6 முதல் 8 வாரம் போதும்.

அப்புறம், அந்தச் சொட்டின் படம் மருத்துவரின் கட்டுரையில் வந்தது. நன்றிப் பகுதியில் நிதி கொடுத்த திட்டத்தின் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டால் "டெக்னீஷியன் பெயரைப் போடும் வழக்கமில்லை" என்றார்கள். சரி, விடுங்கள்.

நீங்கள் புகைபிடிப்பவர் என்றால் ரகத்தைவிட அதைப் பற்றித்தான் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். எதை வைத்தாலும் பெட்டியில் இருக்கும் தயாரிப்பு எண் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஸ்க்ரூ மாற்ற வேண்டி வந்தாலும் அதைப் பார்த்துத்தான் பொருத்தமானதைத் தேடுவார்கள்.