கார்னேஷன் என்ன குடி?

ஐயா,

தரம் 3 பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் எடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த பூப்பட அட்டைகளைக் காட்டியபோது, கார்னேஷனைப் பார்த்து “இது ரோசாவா ரீச்சர்?” என்று கேட்டார்கள். அதை எப்படி விளங்கப்படுத்துவது? எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்? இங்கே வளருமா? அன்னையர் தினத்துக்கு ரிஷூத் தாளில் அந்தப் பூவைச் செய்யவும் யோசிக்கிறேன். இன்னொன்று, பாடசாலைப் பூமரங்களில் பிள்ளைகள் பூப் பிய்க்காமலிருக்க ஒரு வழி சொல்லுங்கள்.

– ஒரு ரீச்சர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள ரீச்சர்,

வளராது. குளிர் வேண்டும் அதற்கு. நுவரெலியாப் பக்கம் வளர்க்கிறார்கள், நம் கச்சான் காற்றில் கருகிப்போகும். நிறத்துக்கு அர்த்தம் சொல்வது பூ விற்பவர்களின் வேலை, அவர்களிடமே விட்டுவிடுங்கள். 1908இல் அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்ற பெண், தாய்க்குப் பிடித்த பூ என்று 500 வெள்ளைக் கார்னேஷன்களைத் தேவாலயத்துக்கு அனுப்பினார். அன்னையர் தினத்துக்கு அந்தப் பூ வந்தது அப்படித்தான். பிறகு கடைக்காரர்கள் அந்த நாளில் காசு பார்க்கத் தொடங்க, அவரே அவர்களோடு சண்டைக்குப் போனார். ரிஷூவை வெட்டும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதிலே. பிய்க்காமலிருக்க வழியா? பிய்க்கச் சொல்லுங்கள் ரீச்சர்! நான் தம்பிலுவிலில் படித்த காலத்தில், செவ்வரத்தம் பூ ஒன்றைப் பிரித்து உள்ளே பார்த்ததற்கு உள்ளங்கையில் அடி வாங்கினேன். அடுத்த பாடத்தில் அதே பூவைக் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறிக்கச் சொன்னார்கள். கையில் இருந்ததைப் பறித்துவிட்டுப் படத்தைக் கொடுக்கும் இந்தப் படிப்பு இன்னும் ஒழியவில்லை என்று உங்கள் கடிதம் சொல்கிறது. செவ்வரத்தை எப்படியும் ஒரு நாளில் வாடி விழும் பூ. பிள்ளை பிய்த்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

சரி, கார்னேஷன். காட்டில் அதற்கு ஐந்தே இதழ், ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததில் மகரந்தக் கேசரங்களும் இதழாக மாறி, இப்போது படத்தில் உள்ள குவியல். தண்டில் கணுக் கணுவாக வீக்கம், ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு சாம்பல்பச்சை இலை. ரோசாவுக்கு இவை இல்லை. மணத்துக்கு ஒரு கராம்பை நசுக்கிக் கொடுங்கள். இரண்டிலும் இருப்பது யூஜெனோல் என்ற மணப்பொருள்தான்.

இனிமேல்தான் விசயம். நம் ஊர்ப் பெரியவர் புதிதாக ஒரு பிள்ளையைக் கண்டால் பேர் கேட்பார், அடுத்ததாக என்ன குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம், என்பார். தாய் யார், தாயின் தாய் யார் என்று வயிற்றுவார் பிடித்துப் போய், “அடி, நீ நம்மட புள்ளதானே” என்று முடிப்பார். குடி பேசிக் கோயிலில் சண்டை பிடித்தது போதும். பூவிடமாவது நல்லதுக்குக் கேட்போம். கார்னேஷனின் நெருங்கிய சொந்தம், கலியாண மண்டப அலங்காரத்தில் இடைக்கிடை செருகும் பொடி வெள்ளைப்பூ ஜிப்சோபில்லா. கொஞ்சம் தூரத்துச் சொந்தங்களோ உங்கள் வளவிலேயே நிற்கின்றன: வேலியில் கடதாசிப்பூ, முற்றத்தில் வாடாமல்லிகை, கோழிக்கொண்டை, கறிக்கு முளைக்கீரை, சந்தையில் பீற்றூட், பற்றைக்குள் சப்பாத்திக்கள்ளி, வாவிக்கரை உப்புத்தரையில் உமரி. இந்தப் பெருங்குடிக்குத் தாவரவியலாளர் வைத்த பேரே கார்னேஷனின் பேரிலிருந்து வந்ததுதான். கடல் கடந்த பூ என்று நீங்கள் காட்டியதன் சொந்தக்காரரைப் பிள்ளைகள் மத்தியானம் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள்!

குடிக்குள் ஒரு விசித்திரம் வேறு. கீரை, பீற்றூட், கடதாசிப்பூ எல்லாவற்றுக்கும் சிவப்பைக் கொடுப்பது பீற்றாலெயின் என்ற சாயம். கார்னேஷனும் அதன் நெருங்கிய சொந்தங்களுமோ அதை விட்டு, செவ்வரத்தையிடம் உள்ள அந்தோசயனின் என்ற சாயத்தை வைத்திருக்கின்றன. இதை வகுப்பிலேயே காட்டலாம். செவ்வரத்தம் இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேசிக்காய் பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். அப்பச்சோடா போட்டால் பச்சைக்குத் திரும்பும். பீற்றூட் தண்ணீரில் எவ்வளவு தேசிக்காய் பிழிந்தாலும் பெரிதாக அசையாது. கார்னேஷன் கிடைத்தால் எந்தப் பக்கம் சேரும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அட்டையை அப்போது எடுத்தால் போதும்.

கடதாசிப்பூவையும் கட்டாயம் பிரிக்கச் சொல்லுங்கள். நாம் பூ என்று பார்க்கும் நிறமெல்லாம் இலை. நடுவில் நிற்கும் குட்டி வெள்ளைக் குழாய்தான் பூ. முள் இருக்கிறது, கவனம்.

பரிசோதனையை வெள்ளிக்கிழமை வையுங்கள். பீற்றூட் பட்ட வெள்ளைச் சட்டையைத் தோய்க்கத் தாய்மாருக்கு இரண்டு நாள் வேண்டும்.