சபாட்டிகல் விடுப்பு என்றால் என்ன? சாதாரண லீவு போதாதா?

வேலையை ராஜினாமா செய்யாமல், சில மாதங்களோ ஒரு வருடமோ அதிலிருந்து விலகியிருப்பதுதான் சபாட்டிகல். திரும்பி வந்தால் வேலை இருக்கும்.

எபிரேய மொழியின் 'ஷபாத்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. நிறுத்துவது, ஓய்வது என்று பொருள். யூத மரபில் ஆறு வருடம் பயிரிட்ட நிலத்தை ஏழாவது வருடம் சும்மா போட்டுவிட வேண்டும். நம் ஊரில் தரிசு போடுவது மாதிரிதான். ஆனால் அங்கே அது மதக் கட்டளை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880இல் இந்த ஏழு வருடக் கணக்கைப் பேராசிரியர்களுக்குக் கொண்டுவந்தது.

எதற்கு இத்தனை நாள்? நாலு நாள் லீவில் உடம்பு தேறிவிடும், சரி. மனசு? தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸிலேயே ஆபீஸ் மெயிலைத் திறப்பவர்கள்தானே நாம். அந்தப் பரபரப்பு அடங்கவே சில வாரம் பிடிக்கும். அப்புறம்தான் 'இதை ஏன் இப்படிச் செய்துகொண்டிருக்கிறோம்?' என்ற கேள்வியே எழும்.

வாசலில் கோலம் போடுபவரைப் பாருங்கள். குனிந்து இழை இழுக்கும்போது எது கோணியது என்று தெரியாது. தெருவில் இறங்கி நாலடி தள்ளி நின்றால் சட்டென்று கண்ணில் படும்.

ஒரு விஷயம்: சபாட்டிகல் என்றாலே சம்பளத்தோடு லீவு என்று பலர் நினைக்கிறார்கள், பல தனியார் நிறுவனங்களில் சம்பளம் கிடையாது, அதனால் கிளம்பும் முன் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.