‘உம்முடைய சித்தம்’ என்று வாய் சொல்கிறது, மனம் சொல்லவில்லை: எப்படி ஜெபிப்பது?

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கைகால் ஓரளவு அசைகிறது, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். எங்கள் ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், “உமக்குச் சித்தமானால் என்று சொல்லாதே, அது அவிசுவாசம்; உரிமையோடு கேள்” என்கிறார். இன்னொருவரோ, “இத்தனை நாளாக இதையே கேட்கிறாயே, தாழ்மை வேண்டாமா? ஒப்புக்கொடுத்துவிடு” என்கிறார். நானும் “உம்முடைய சித்தம் ஆகட்டும்” என்று சொல்லிப் பார்க்கிறேன். வாய் சொல்கிறது, மனம் சொல்வதில்லை. தேவனிடமே பொய் சொல்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எப்படி ஜெபிக்க வேண்டும்? எப்போது கேட்பதை நிறுத்த வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், பிசாசின் பிடியில் தவிக்கும் மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கதறுகிறான். விசுவாசிக்கிறேன் என்றும் சொல்கிறான், விசுவாசம் போதவில்லை என்றும் சொல்கிறான். இயேசு அவனைப் பொய்யன் என்று கடிந்துகொள்ளவில்லை. பையனைக் குணமாக்கினார். உங்கள் வாய்க்கும் மனதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நீங்கள் மறைத்தால்தான் சிக்கல். “ஆண்டவரே, உம்முடைய சித்தம் என்று சொல்கிறேன், ஆனால் உள்ளே எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்று அதையே அவரிடம் சொல்லிவிட்டால் அங்கே பொய்க்கு இடமில்லை.

இப்போது அந்த இரண்டு அறிவுரைகளுக்கு வருகிறேன். லூக்கா 18-ஆம் அதிகாரத்தை இன்று ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அங்கே ஜெபத்தைப் பற்றி இயேசு சொன்ன இரண்டு உவமைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவதில் ஒரு விதவை. இரக்கமற்ற நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்கிறாள். சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்காகவே இந்த உவமை என்று லூக்கா முதல் வசனத்திலேயே எழுதிவிடுகிறார். இரண்டாவதில் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இரண்டு பேர். மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் தன் நற்செயல்களை வரிசையாகச் சொல்கிறான், வரி வசூலிப்பவனான ஆயக்காரன் வானத்தை அண்ணாந்து பார்க்கவும் துணியாமல், “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்று மார்பில் அடித்துக்கொள்கிறான். விடாமல் கேட்பவளும் தாழ்ந்து நிற்பவனும் ஒரே அதிகாரத்தில், ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிற்கிறார்கள். உங்கள் ஜெபக்குழுவில் இந்த அதிகாரம் இரண்டாகக் கிழிந்து, ஆளுக்குப் பாதியாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பரிசேயனை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். அவனுடைய ஜெபத்தில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. நன்றி சொல்கிறான், வாரத்தில் இரண்டு முறை உபவாசிப்பதையும் தசமபாகம் கொடுப்பதையும் சொல்கிறான், பக்கத்தில் நிற்பவனோடு தன்னை ஒப்பிடுகிறான், முடித்துக்கொள்கிறான். அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. தாழ்மையோடு போனவனோ கேட்கத்தான் போனான். ஆகவே, கேட்பதை நிறுத்தினால்தான் தாழ்மை என்று உங்களிடம் யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். என்னால் இதைச் சரிசெய்ய முடியாது, உம்மால்தான் முடியும் என்று மறுபடி மறுபடி வந்து நிற்பதைவிடத் தாழ்மையான நிலை எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

“உமக்குச் சித்தமானால்” என்பது அவிசுவாசம் என்ற பேச்சு பல இடங்களில் பரவியிருக்கிறது. அதனால் எத்தனை பேர் தங்கள் ஜெபத்தைத் தாங்களே சந்தேகித்து நொந்துபோகிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. மத்தேயு 8-இல் குஷ்டரோகி, “ஆண்டவரே! உமக்குச் சித்தமானால், என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்” என்றான். இயேசு அவனைத் தொட்டு, “எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு” என்றார். ‘சித்தமானால்’ என்ற அந்த வார்த்தை சுகத்தைத் தடுக்கவில்லை. வியாதிக்காரருக்காக மூப்பர்கள் விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டும் என்று 5-ஆம் அதிகாரத்தில் எழுதும் அதே யாக்கோபு, ஒரு அதிகாரம் முன்னால், ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லுங்கள் என்கிறார். அவருக்கு இரண்டும் ஒன்றையொன்று முறிப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏமாந்துபோவோமோ என்ற பயத்தில், ஆசையையே வெளியே சொல்லாமல், முன்கூட்டியே “சித்தம்போல் ஆகட்டும்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்காவிட்டால் மறுக்கப்பட மாட்டோம் என்ற கணக்கு அது. உங்கள் கடிதத்தில் அதன் சாயலும் கொஞ்சம் தெரிகிறது, தவறாக நினைக்காதீர்கள்.

இதற்கு, சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயைத்தான் பார்க்க வேண்டும். மத்தேயு 26-இல் இயேசு மூன்று முறை ஜெபிக்கிறார். முதல் முறை: “என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்.” பாத்திரம் என்றால் அவருக்கு முன்னால் இருந்த பாடு. தமக்கு என்ன வேண்டும் என்பதை ஒளிக்காமல் கேட்டுவிட்டு, அதன் பிறகே, “ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்கிறார். இரண்டாம் முறை பேச்சு லேசாக மாறுகிறது: “நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது.” நீங்கக்கூடுமானால் என்று தொடங்கியது, நீங்கக்கூடாதாகில் என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொன்னார் என்கிறது வசனம். முதல் ஜெபத்துக்குப் பிறகு சீஷர்களிடம், ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று கேட்கிறார். ஆக, அது ஒரு நிமிட ஜெபமல்ல. வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளைப்போல் விழுந்தது என்கிறார் லூக்கா. தேவகுமாரனே இரவில் நெடுநேரம் போராடி, மூன்று முறை எழுந்துபோய் வந்து சொன்ன ஒரு வார்த்தையை, நீங்கள் ஒரே மூச்சில் மனதாரச் சொல்லிவிட வேண்டும் என்று யார் உங்களுக்குச் சட்டம் போட்டது?

இன்னொன்று: எபிரெயர் 5:7, அவர் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார் என்றும், அது கேட்கப்பட்டது என்றும் சொல்கிறது. பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் கேட்கப்பட்டது. பலப்படுத்த ஒரு தூதன் வந்தான், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுதல் வந்தது. நாம் கேட்ட வடிவத்தில் வராத பதிலும் பதில்தான் என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. ஆனால் வேதம் இதைச் சொல்கிறது, நான் இதை நம்புகிறேன்.

ஒப்புக்கொடுத்தல் என்றால் எதையும் விரும்பாமல் வெறுமையாக உட்கார்ந்திருப்பது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஒரு போதனை எழுந்தது. மிகேல் தெ மோலினோஸ் என்ற ஸ்பானியக் குருவின் 68 கூற்றுகளை, 1687-இல் போப் பதினொன்றாம் இன்னொசென்ட் கண்டனம் செய்தார். தேவ சித்தத்துக்குத் தன்னைக் கையளித்தவன் அவரிடம் எதையும் கேட்பது தகாது என்பதும் அவற்றில் ஒன்று. சீர்திருத்தச் சபைகளின் பக்கத்திலும் இதே தெளிவு உண்டு. 1563-இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை, “உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக” என்ற விண்ணப்பத்தை விளக்கும்போது, பரலோகத்தில் தூதர்கள் செய்வதுபோல அவரவர் தம் கடமையை மனமுவந்து உண்மையாய்ச் செய்யும்படி கேட்கிறோம் என்கிறது. இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். உங்கள் கணவருக்குப் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தால் அதை எந்தக் காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். மருந்து கொடுப்பது, பயிற்சிக்கு அழைத்துப்போவது, நீங்கள் நேரத்துக்குத் தூங்குவது எல்லாம் தேவனுடைய சித்தத்தைச் செய்வதில் சேரும். ஒப்புக்கொடுத்தவர்கள் மருத்துவரிடம் போகத் தேவையில்லை என்று சொல்கிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

சரி, இன்று இரவு எப்படி ஜெபிப்பது?

முதலில் உங்களுக்கு வேண்டியதை முழு வாக்கியமாகக் கேளுங்கள். “ஆசீர்வதியும்” என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்கு ஆசையாக இருந்தால் அதையே கேளுங்கள். கோபம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குகிறது 13-ஆம் சங்கீதம். 88-ஆம் சங்கீதமோ ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாகத்தான் நிற்கிறது. கேட்ட பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். அதன் பிறகு ஒப்புக்கொடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம். இன்று உங்களால் விட முடிந்தது எது என்று பாருங்கள். எப்போது பேச்சு வரும் என்ற நாள் கணக்கை இன்று விட முடியலாம். உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலையை அடுத்த வாரம் விட முடியலாம். ‘ஒருபோதும் பேசாமலே போய்விட்டால்’ என்ற பயத்தை விட வெகுநாள் ஆகலாம். அதை இன்னும் விட முடியவில்லை என்று தேவனிடம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். அன்றைய ஜெபம் அதோடு முழுமையானதுதான்.

தனியாகவும் சுமக்காதீர்கள். “என்னோடேகூட விழித்திருங்கள்” என்று இயேசுவே மூன்று நண்பர்களிடம் கேட்டார். உங்களைத் திருத்த முயலாமல் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒருவரை ஜெபத்துக்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் கணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் சிலருக்கு, சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாவிட்டாலும், நெடுநாள் மனப்பாடமான ஜெபமும் பாட்டும் வாயில் வருவதுண்டு. கர்த்தருடைய ஜெபத்தை அவர் அருகில் அமர்ந்து மெதுவாகச் சொல்லுங்கள். வந்தால் அவரும் சேர்ந்துகொள்ளட்டும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பேச முடியாத அவரும் ஜெபிக்கிறவராகத்தான் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்று கேட்டீர்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தபின் தன் பலவீனத்தைக் குறித்தே மேன்மைபாராட்டத் தொடங்கினார். தாவீதின் பிள்ளை சாகும் என்று நாத்தான் தீர்க்கதரிசி முன்பே சொல்லிவிட்டார். அப்படியும் தாவீது உபவாசித்துத் தரையில் கிடந்து கேட்டான். ஏழாம் நாளில் பிள்ளை இறந்த பிறகுதான் எழுந்து, குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான். தாவீது கேட்டுக்கொண்டிருந்த நாட்களை வேதம் கலகம் என்று எங்கேயும் சொல்லவில்லை. உங்களுக்கு ‘இல்லை’ என்ற பதில் எதுவும் வரவில்லை. உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், நீங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது. நாளைக்கும் கேளுங்கள்.