உப்பளமா, பனியா?

அன்புள்ள அண்ணா,

நான் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டேரியில் இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. உங்களுக்கும் அதே ஊர் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

2025 ஜனவரி 21 அன்று இங்கே பனி கொட்டியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விமான நிலையத்தில் மட்டும் 8 அங்குலம். பதினோரு வருடமாக இங்கே புயலையும் வெள்ளத்தையும்தான் பார்த்திருக்கிறேன். காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் இருட்டும்வரை 340 படம் எடுத்தேன். மறுநாள் கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சாம்பல். சில படங்கள் நீலம் பூத்துக் கிடந்தன. நன்றாக இருப்பதாக நான் நினைத்த ஒன்றை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இது எந்த அளத்துல எடுத்தது? உப்பு ஒரே அழுக்கா இருக்கே" என்று கேட்டார்.

அன்றைக்குக் கேமராவை உள்ளே வைத்தவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை. எங்கே தப்பு செய்தேன்? இனி என் ஆயுளில் இப்படி ஒரு நாள் வருமா, அல்லது கிடைத்த ஒன்றையும் பாழாக்கிவிட்டேனா? பன்னிரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். ரா கோப்புகளும் (கேமரா திருத்தாமல் வைத்த மூலப் பதிவுகள்) என்னிடம் இருக்கின்றன. பன்னிரண்டாவது படம் கணக்கில் இல்லை, அது அம்மாவுக்குக் காட்ட எடுத்தது. தவறிச் சேர்ந்துவிட்டது.

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்), மெட்டேரி, லூசியானா

*

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா கேட்டதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் படத்தைத் திறந்து பார்த்தேன். அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மழை பெய்த மறுநாள் அளத்து உப்பு அம்பாரம் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் முதல் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எதிரே நிற்பது பனியா, உப்பா, எருமையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் வெளிச்சத்தைச் சராசரி பார்த்து நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். எருமையை நிறைத்துக் காட்டினால் வெளுப்பாக்கும், பனியை நிறைத்துக் காட்டினால் இருட்டாக்கும். இப்போதைய கேமராக்கள் காட்சியை ஓரளவு யூகிக்கின்றன என்றாலும் படச் சட்டம் முழுக்க வெள்ளை என்றால் அவையும் தடுமாறுகின்றன.

கல்லூரியில் படித்தபோது இரவல் கேமராவோடு அளத்துக்குப் போய் நான் எடுத்த முதல் ரோல் முழுக்க உங்கள் படங்கள் மாதிரிதான் இருந்தது. ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் பிரிண்ட்டுகளைச் சீட்டு மாதிரி மேசையில் பரப்பிவிட்டு, "உப்பைப் பாத்து மீட்டர் வைக்காதல. ஒன் உள்ளங்கையப் பாத்து வை, ஒரு ஸ்டாப் கூட்டு" என்றார். ஸ்டாப் என்றால் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் ஒரு படி. யாருடைய உள்ளங்கையானாலும், மேல்தோல் எவ்வளவு கறுப்பானாலும், நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பாக இருக்கும். கையை அதே வெளிச்சத்தில் நீட்டி, அதை அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டினால் உப்பு உப்பாகவே விழும். உங்கள் கேமராவில் இதற்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று ஒரு சக்கரமே இருக்கிறது. பனிக்கு ப்ளஸ் 1 முதல் ப்ளஸ் 2 வரை. நீங்கள் செய்த தப்பு அவ்வளவுதான்.

ரா கோப்பு இருப்பதால் அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள். நீலத்துக்கு ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலைத் திருத்தும் அமைப்பு) கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள், மாலையில் எடுத்த படங்களில் மட்டும் நீலத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்துப் பனி கண்ணுக்கே நீலமாகத்தான் தெரியும். ஒரு மணி நேர வேலை. ஒரு வருஷமாக வருத்தப்பட வேண்டிய விஷயமே இல்லை இது.

இரண்டாவது படத்தில் பனி விழுவதே தெரியவில்லை, ஏனென்றால் பின்னால் வெள்ளை வானம். விழும் பனி கறுப்புக்கு முன்னால்தான் தெரியும்: ஓக் மரத்தின் அடிமரம், இரும்புக் கதவு, ஏதாவது ஒரு இருட்டு. ஷட்டர் வேகம் 1/500 வினாடி என்றால் பொட்டுப் பொட்டாக நிற்கும், 1/60 என்றால் கோடாக ஓடும். ஃபோகஸ் துகள்களைத் துரத்திக்கொண்டு ஓடினால் கையால் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எனக்கு உண்மையில் சொல்லத் தோன்றியது வேறு. பதினோரு படங்களில் ஏழு வெறும் பனி. தெரு, கூரை, கார், மறுபடி தெரு. வெளிச்சத்தை எல்லாம் சரிசெய்த பிறகும் அவற்றைப் பார்த்து மினசோட்டா என்று ஒருவர் சொன்னால் உங்களால் மறுக்க முடியாது. அங்கே இருப்பவர்கள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தினமும் வாசலில் பார்ப்பதை நீங்கள் ஆயுளுக்கு ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். ஆனால் படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன.

அதே புயல் கிழக்கே ஃபுளோரிடா வரை போனது. அங்கே மில்டன் என்ற ஊரில் 9.8 அங்குலம். அந்த மாநிலத்தின் பழைய உச்சக் கணக்கு 1954-ல் அதே மில்டனில் விழுந்த 4 அங்குலம்தான். பக்கத்தில் பென்சகோலா கடற்கரைக்கும் பனி வந்தது. அந்தக் கடற்கரை மணல் ஏற்கெனவே சர்க்கரை மாதிரி வெள்ளை, முழுக்கக் குவார்ட்ஸ். அங்கிருந்து வந்த சில படங்களைப் பார்த்து இதில் பனி எங்கே என்று தேடினேன். வழக்கமான கோடைகாலப் படம் மாதிரியே இருந்தன! நூறு வருஷத்தில் ஒருமுறை நடப்பது நடந்திருக்கிறது, படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

பனி எதன் மேல் விழக்கூடாதோ அதன் மேல் விழுந்ததுதான் அன்றைய செய்தி. உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? செயின்ட் சார்லஸ் அவென்யூ ஓக் மரங்களில் மார்டி கிரா ஊர்வலத்தில் வீசிய பாசிமாலைகள் வருஷம் முழுக்கத் தொங்குகின்றன. ஊதாவும் பச்சையும் தங்கமும், அதன் மேல் பனி. பிரெஞ்சு குவார்ட்டரில் பூவேலை செய்த இரும்புப் பால்கனிகள். கொல்லையில் வாழை. மேடு என்று ஒன்றே இல்லாத ஊரில் சறுக்கி விளையாட மிசிசிப்பி ஆற்றின் கரையணைக்குப் போன பிள்ளைகள். கைக்குக் கிடைத்ததையெல்லாம் சறுக்குப் பலகையாக்கியிருந்தார்கள். பூர்பன் தெருவில் ஒருவர் பனிச்சறுக்குக் கட்டையோடே போனார்.

உங்கள் நான்காவது படம் இதனால்தான் எனக்குப் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை அள்ளும் முறத்தால் காரைச் சுற்றிப் பனி வழிக்கிறார். காலில் ரப்பர் செருப்பு, அதற்குள் சாக்ஸ். படம் சாய்ந்து விழுந்திருக்கிறது, ஓரத்தில் உங்கள் விரல் வேறு. பனி வாரும் மண்வெட்டி கடையிலேயே கிடைக்காத ஊர் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. நீங்கள் இதைச் சரியில்லாத படம் என்று குறித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கும் இது லேசில் புரியவில்லை. 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி டெக்சஸ் கரையோரம் முழுக்கப் பனி கொட்டியபோது நான் கால்வெஸ்டனில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். காலையில் கடல் தடுப்புச் சுவர் வழியாக இறங்கிப் போனேன். 1900 புயலில் ஊரே அழிந்த பிறகு கட்டிய சுவர் அது. மணல் முழுக்க வெள்ளை, அலை வந்து நக்கிய இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை. ஒவ்வொரு அலைக்கும் பட்டை ஒரு விரல் அகலமாகிக்கொண்டிருந்தது. அதை எடுத்திருக்கலாம். நானோ தண்ணீர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பனி மட்டும் சட்டத்துக்குள் வரவேண்டும் என்று பனைமரங்களைக்கூடச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு ஒரு ரோல் எடுத்தேன். ஆல்ப்ஸ் மலை மாதிரி வரவேண்டும் என்று ஆசை. அன்று காலை நம் ஊருக்கு ஃபோன் பண்ணி "அம்மா, இங்க பனி கொட்டுது" என்று சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "மார்கழின்னா கொட்டத்தானே செய்யும், தலையில துணியக் கட்டிக்கோ" என்றார். வானத்திலிருந்து கொட்டும் இந்தப் பனிக்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். நம்மிடம் இருப்பது புல்லில் நிற்கிற பனிதான்.

அப்புறம் காப்பி குடிக்க வீட்டுக்குள் போனேன். குளிர்ந்த கேமராவை அப்படியே சமையலறைக்குள் கொண்டு போனதால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பூத்தது. உள்ளே வரும் முன்பே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டியிருந்தால் நீர் பையின் மேல் பூத்திருக்கும், கேமரா உள்ளே மெதுவாகச் சூடாகியிருக்கும். அது எனக்குத் தெரிந்தது பிற்பாடு. தெளிந்த கேமராவோடு மறுபடி வெளியே வந்தபோது பனைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் பாதி போய்விட்டது. போதாததற்குப் பிரிண்ட் போட்ட கடையின் இயந்திரமும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் சராசரி பார்த்துச் சாம்பலாக்கித் தந்தது. நெகட்டிவ் நன்றாகவே இருந்தது, திரும்பப் போடச் சொல்லி வாங்கினேன். வெள்ளைதான் வந்தது, கால்வெஸ்டன் வரவில்லை.

இனி வருமா என்று கேட்டீர்கள். மெக்சிகோ வளைகுடாக் கரையில் குளிர் வருவது ஒன்றும் அபூர்வம் இல்லை. வழக்கமாக என்ன நடக்கிறது என்றால், மழை முதலில் பெய்து கடலுக்குப் போய்விடுகிறது, அதன் பின்னால் குளிர் காற்று காய்ந்துபோய் வந்து சேர்கிறது. குளிர் இருக்கும்போது ஈரம் இருக்காது. 2025-ல் ஆர்க்டிக் காற்று முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பிறகு வளைகுடா மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகர்ந்து, கடல் ஈரத்தை அந்தக் குளிருக்கு மேலே ஏற்றிவிட்டது. லூசியானாவின் லேக் சார்லஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விட்டது இதற்குத்தான்.

நியூ ஆர்லியன்ஸில் இதற்கு ஈடாகச் சொல்ல 1895 பிப்ரவரிக்குத்தான் போகவேண்டும். அப்போதும் 8 அங்குலத்துக்கு மேல். கால்வெஸ்டனில் அதே புயலில் 15 அங்குலத்தைத் தாண்டியது. நடுவில் 1963-ல் கொஞ்சம், 2004-லும் 2008-லும் ஒரு தூவல். ஆக, தூவல் இன்னொன்றைப் பார்ப்பீர்கள் என்றே நினைக்கிறேன். எட்டு அங்குலத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தூவலே படத்துக்கு நல்லது என்பது என் கட்சி. வாழை இலையில் அரை அங்குலம் நின்றால் இலையும் தெரியும், பனியும் தெரியும். அடுத்த முறை போகும்போது இன்னொரு பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் படுத்துவிடும்.

கடைசியாக, கணக்கில் இல்லை என்று சொன்னீர்களே, அந்தப் பன்னிரண்டாவது படம். சமையலறை ஜன்னல். உள்ளே தொட்டியோடு தூக்கிவந்து வைத்த கறிவேப்பிலைச் செடி, தொட்டிக்கடியில் தண்ணீர் சிந்தாமல் இருக்க எவர்சில்வர் தாம்பாளம். கண்ணாடிக்கு வெளியே வேலி, அதன் மேல் ஒரு சாண் பனி. குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க சிங்க்கில் தண்ணீரை நூலாகத் திறந்து விட்டிருக்கிறீர்கள், அதுகூட விழுந்திருக்கிறது. செடியைக் காப்பாற்றிவிட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்ல எடுத்திருப்பீர்கள். நான் பன்னிரண்டையும் இரண்டு நாள் திறந்து வைத்திருந்தேன், திரும்பத் திரும்ப இதற்குத்தான் வந்தேன். வெளியே இருக்கும் வெளிச்சத்தில் செடி கறுத்துப்போயிருக்கிறது. நிழல்களை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். வேலி கொஞ்சம் வெளுத்துப் போனாலும் போகட்டும். வேறு எதையும் தொடாதீர்கள், படத்தின் ஓரத்தை வெட்டவும் வேண்டாம், தாம்பாளம் இருக்கட்டும்.

செடி அப்புறம் பிழைத்ததா என்று எழுதுங்கள். ஹூஸ்டனில் எங்களுடையது 2021 பிப்ரவரிக் குளிரில் கருகியது. மண்ணில் நட்டது, தூக்கிவர வழி இல்லை. வேரிலிருந்து துளிர்க்கும் என்று பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மா சொன்னதை நம்பி ஆறு மாதம் தண்ணீர் ஊற்றினேன்.

அன்புடன்,
அண்ணன்