தம்பியின் டெக்கன் மேட்ச்சைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 19 வயது, டெக்கன் 8 என்ற சண்டை வீடியோ கேமில் கார்யூ என்ற ரேங்கிலேயே மாதக்கணக்கில் நிற்கிறார். தோற்ற மேட்ச்சின் ரீப்ளேயைக் காட்டி "எப்படி இருக்கு அண்ணா, சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் "சும்மா பட்டனைப் போட்டு அமத்துறாய், டிஃபென்ஸே இல்லை" என்று சொன்னதும் தம்பி கதைப்பதையே விட்டுவிட்டார். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒருவர் காசு தந்தால் ரேங்கை ஏற்றித் தருகிறேன் என்கிறாராம். கொடுக்கலாமா, இல்லை நானே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அந்த ஆள் தம்பிக்கு எதையும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, தம்பியின் கணக்குக்குள் போய்த் தானே விளையாடி ரேங்கை ஏற்றிவிட்டுப் போவார். பிறகு தம்பி தன்னைவிடப் பல படி மேலே உள்ளவர்களிடம் மாட்டி, ஏன் தோற்கிறோம் என்று விளங்காமலே அடிவாங்குவார். அதோடு கணக்கின் கடவுச்சொல் இன்னொருவர் கையில் இருக்கும். இது இலங்கையில் இன்னும் மோசம். பிளேஸ்டேஷன் கணக்கு திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் இந்தியா, அமெரிக்கா என்று ஏதாவது ஒரு நாட்டின் பெயரில் கணக்கு வைத்திருக்கிறார்கள், பாதிப்பேருக்கு அதைத் திறந்து கொடுத்ததே ஒரு இடைத்தரகர், மின்னஞ்சல்கூட அந்த ஆளுடையதுதான். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் நீங்கள் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? 2019 இல் ஈஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று அங்கீகரித்த நாடு இது. ஆனால் இன்றைக்கும் ஒரு பெடியன் நல்ல பயிற்சியாளரைத் தேடினால் வாட்ஸ்அப் குழுவில்தான் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் "டிஃபென்ஸ் இல்லை" என்று கேட்டுவிட்டு நாளைக்கு கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் ஆள் எதை மாற்றுவது? அவருக்குத் தேவை ஒரு இடம், ஒரு பழக்கம், அதற்கு ஒரு மாற்று. அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய ரீப்ளேயையே எடுத்துக்கொள்வோம். தம்பி கீழே விழும்போதெல்லாம் உடனே உதைத்துக்கொண்டே எழும்புகிறார். முதல் ரவுண்டில் அது இரண்டு முறை பட்டது, அதனால் அவருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. இரண்டாவது ரவுண்டில் எதிராளி அதைக் கண்டுபிடித்து, தம்பி விழுந்ததும் ஒன்றும் செய்யாமல் அப்படியே நிற்கிறார், உதை வருகிறது, தடுக்கிறார், திருப்பிப் பெரிய கொம்போ (தொடர் அடி) போடுகிறார். அதன்பின் மேட்ச் முடியும்வரை இதே கதைதான். ஆகக் கடைசி ரவுண்டில் கொம்போவைத் தவறவிட்டாரே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதை விடுங்கள். கொம்போ தவறுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எழும்பும் உதை அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் யோசிப்பதே இல்லை.

இதை எப்படிச் சொல்வது? சொல்லாதீர்கள், கேளுங்கள். அந்த இடத்தில் ரீப்ளேயை நிறுத்தி, "இதில என்ன நினைச்சு உதைச்சாய்?" என்று கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல். "அவன் கிட்ட வருவான் எண்டு நினைச்சன்" என்றால் அது ஒரு கணிப்பு, பிழைத்துப்போன கணிப்பு, அதைப்பற்றிக் கதைக்கலாம். "தெரியாது, கை தானா அமத்திட்டுது" என்றால் அதுதான் பழக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு. டெக்கன் 8 இல் ரீப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே பாத்திரத்தை நம் கட்டுப்பாட்டில் எடுக்கலாம். அதே இடத்தில், அதே எதிராளி முன்னால், உதைக்காமல் பக்கவாட்டில் உருளட்டும், தடுத்துக்கொண்டே எழும்பட்டும், கொஞ்ச நேரம் படுத்தே கிடக்கட்டும். நீங்கள் அரை மணி நேரம் கதைப்பதைவிட அது கூடுதலாக உறைக்கும். ரீப்ளேயில் கேமே காட்டும் குறிப்புகளும் பிரயோசனமானவைதான், ஆனால் எந்த அடியைப் போட்டிருக்கலாம் என்றுதான் அது சொல்லும், தம்பி ஏன் போடவில்லை என்று அதற்குத் தெரியாது.

ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது, இதில் நிறையப் பேர் பிழைவிடுகிறார்கள். "இவ்வளவு மெதுவா வாற லோவை ஏன் தடுக்கேல்லை?" என்று கேட்பதற்கு முன் (லோ என்றால் குனிந்து தடுக்க வேண்டிய தாழ்வான அடி) அந்த மேட்ச்சின் இணைப்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். கேம் விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகிறது, பிரையன் என்ற பாத்திரத்தின் ஸ்நேக் எட்ஜ் மாதிரி மெதுவான லோவை நேரில் கண்ணால் பார்த்தே தடுக்கலாம். ஆனால் ஆன்லைனில் எதிராளி அமத்திய பட்டன் கொழும்புக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரை கேம், எதிராளி முன்பு செய்துகொண்டிருந்ததையே செய்வார் என்று ஊகித்துக் காட்டுகிறது. ஊகம் பிழை என்றால் பின்னுக்குப் போய்த் திருத்தி, அடியை நடுவிலிருந்து காட்டும். அதனால் தம்பி அன்று பார்த்த அடியின் தொடக்கம் திரையில் வந்தே இருக்காது. ரீப்ளேயிலோ எல்லாம் வழவழவென்று முழுதாகத் தெரியும்! நீங்கள் பார்ப்பதும் அவர் பார்த்ததும் ஒன்றல்ல. இப்படியான மேட்ச்சில் கண்ணால் பார்த்துத் தடுக்க வேண்டியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள், அது அநியாயம். எழும்பும் உதை மாதிரி அவரே முடிவெடுக்கும் விஷயங்களை மட்டும் பாருங்கள். எதிராளி வைஃபையில் இருந்து, இணைப்பின் தரத்தைக் காட்டும் கோடுகளும் குறைவாக இருந்தால் அந்த ரீப்ளேயை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். வீட்டில் நீங்கள் முதலில் செலவழிக்க வேண்டியது ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளுக்குத்தான். "கன்ட்ரோலர்தான் பிரச்சினை, லீவர்லெஸ் வாங்குங்கோ" என்று (குச்சி இல்லாமல் பட்டன்கள் மட்டுமே உள்ள பலகை அது) யாராவது சொன்னால், எழும்பும்போது உதைப்பதை எந்தப் பலகையும் நிறுத்தாது என்று நினைவில் வையுங்கள்.

லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019 இல் ஜப்பானில் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டியையும் லாஸ் வேகாஸ் ஈவோவையும் டெக்கன் 7 இல் வென்றார். அதுவரை வெளியுலகம் பெரிதாகக் கவனிக்காத பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து ஆடியே அந்த அளவுக்கு வந்திருந்தார்கள். அதனால் தம்பியின் கூட்டாளிமார் இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் விழுந்ததும் ஒன்றும் செய்யாமல் நிற்கும்படி அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அடுத்த கிழமை ரீப்ளேயைக் காட்டினால் எழும்பும் இடத்தை மட்டும் பாருங்கள். வேறு எத்தனை பிழை கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்க வேண்டாம். தோற்றிருந்தாலும் ஒருமுறையாவது தடுத்துக்கொண்டு எழும்பியிருந்தால் அந்த விநாடியிலேயே நிறுத்தி, "இது நல்லா இருந்தது" என்று அவரிடம் சொல்லுங்கள். அப்புறம் இன்றைக்கே கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, மின்னஞ்சலும் தம்பியுடையதுதானா என்று பாருங்கள்.