முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பள்ளி நாளிலிருந்தே மைக்கைக் கண்டால் கைகால் உதறும். போன கிராமசபையில், பல மாதமாகக் கழுவாத எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டியைப் பற்றிக் கேட்க எழுந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டியும் பலனில்லை. இந்தப் பயத்தை வென்று, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு ஊக்கம் தரும் பேச்சாளர் ஆவதே என் லட்சியம். வழி சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவில்பட்டி வட்டம்)

பதில்: ஆயிரம் இளைஞர்களை அப்புறம் பார்க்கலாம். அந்தத் தொட்டி என்ன ஆயிற்று?

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு மேடை, கைத்தட்டல், லட்சியம். தொட்டிக்கு ஒரே வரி. அன்றைக்கு எழுந்து நின்றபோது உங்கள் மனசில் இருந்தது தொட்டியா, 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பதா? கூட்டத்தைக் கண்டு நடுங்குகிறவரும் சரி, கூட்டத்தை மயக்க ஆசைப்படுகிறவரும் சரி, நினைத்துக்கொண்டிருப்பது தங்களைத்தான். உங்களிடம் இரண்டும் இருக்கிறது.

உங்களைவிட மோசமான ஒருவரைச் சொல்கிறேன். லண்டனில் சட்டம் படித்தார். அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார், ஆனால் கூட்டங்களில் வாயைத் திறக்க மாட்டார். எழுதிக்கொண்டு போனதைக்கூட இன்னொருவர்தான் வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது. 1891ல் ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்கு ஓட்டலில் விருந்து வைத்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவதென்று ஒரு துணுக்கைத் தயார்செய்து போனார். முதல் வாக்கியத்தோடு எல்லாம் மறந்துபோய், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றம். ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, அவரோடு சேர்ந்து கோர்ட்டும் சுற்றியது. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்றுகூடத் தெரியாமல் வெளியேறினார்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இதையெல்லாம் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1893ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன சில வாரங்களில், பிரிட்டோரியாவில் ஒரு வியாபாரியின் வீட்டில் இந்தியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். வாழ்க்கையில் தன் முதல் பொதுப் பேச்சு அதுதான் என்கிறார். வழியிலே ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, குதிரை கோச் வண்டியில் அடி வாங்கி வந்தவர் அவர். வியாபாரத்தில் உண்மை, சுத்தம், குறைகளைச் சொல்ல ஒரு சங்கம் என்று சொல்ல வேண்டியது கையில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

அத்தோடு பயம் ஒழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிரிட்டோரியாவோடு நிறுத்திக்கொள்வார்கள். 1896ல், தென்னாப்பிரிக்க இந்தியர்களின் குறைகளைச் சொல்ல, பம்பாயில் பெரிய கூட்டம். மறுபடி அதே நடுக்கம், குரல் எழும்பவில்லை. அச்சடித்த பேச்சை காங்கிரஸ் தலைவர் தின்ஷா வாச்சா வாங்கிப் படித்தார். கூட்டம் அமைதியாகக் கேட்டுக் கைதட்டியது. காந்திக்கு அதிலே மகிழ்ச்சிதான். சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது; யார் வாயால் போனால் என்ன?

அதே வருடம் அக்டோபர் 26 அன்று நம் சென்னையில், பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். பேச்சு அவர் வழக்கத்துக்கு நீளம். ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேட்டார்கள் என்கிறார். காரணம் பாலசுந்தரம். டர்பனில் முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து, கிழிந்த துணியும் கையில் கழற்றிய தலைப்பாகையுமாகக் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து அழுத தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்காகக் காந்தி மாஜிஸ்திரேட்டிடம் போனதும், அவரை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டதும் சென்னைக்குத் தெரிந்திருந்தது. அன்றைய கூட்டத்துக்கு யாரும் சொல்லழகு கேட்க வரவில்லை.

உங்கள் பாலசுந்தரம் அந்தத் தொட்டி.

பயிற்சி வகுப்பை நான் குறை சொல்லவில்லை. கையை எங்கே வைப்பது என்று கற்றுத்தருவார்கள், அவ்வளவுதான். கை நடுங்குவது அட்ரினலின் வேலை. எதிரே நிற்பது புலியா பஞ்சாயத்துத் தலைவரா என்று உடம்புக்குத் தெரியாது. நடுங்கட்டும். தாள் படபடத்தால் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். (வாராவாரம் இங்கே வீராப்பாக எழுதும் நானே, அலுவலக நண்பர் ஓய்வு பெற்ற விழாவில் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நிமிடம் நின்றேன். விட்டிருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்போம்.)

கிராமசபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் பேச யாருடைய தயவும் வேண்டாம். நாலே வரி எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தொட்டி, எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் போகிறது, கடைசியாக எப்போது கழுவினார்கள், என்ன செய்ய வேண்டும். தொட்டித் தூணில் சுத்தம்செய்த தேதி எழுதியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தே படியுங்கள், வெட்கமில்லை. அப்போதும் குரல் வரவில்லையென்றால் அதே தொட்டித் தண்ணீரைக் குடிக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் தாளைக் கொடுங்கள். அவர் வாச்சாவைவிட உரக்கப் படிப்பார். தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தொட்டியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் அமையாது. கழுவியதும், தேதி போட்டு எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள்.